வைகாசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று: டெல்டா வீட்டின் மழைக் கணக்கு

1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 93 லிட்டர் தண்ணீர் சேரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மி.மீ. அப்படியானால் ஒரு வீட்டு மாடி ஓராண்டில் வாங்கும் தண்ணீர் 93,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஏறக்குறைய 8 லாரி. இதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. அவ்வளவும் மாடி மூலையில் இருக்கும் நாலு அங்குலக் குழாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்தக் குழாயை ஆண்டுக்கு எத்தனை முறை சுத்தம் செய்வது, எப்போது செய்வது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரவு: ஒரே நாளில் எவ்வளவு?

வடிகாலுக்குச் சோதனை ஆண்டு சராசரியில் வராது, பெரும் மழை நாளில்தான் வரும். 2022 நவம்பர் 11-12இல் சீர்காழியில் 24 மணி நேரத்துக்குள் 44 செ.மீ. மழை பதிவானது. அந்த ஊரின் 1,000 சதுர அடி மாடி ஒவ்வொன்றிலும் அன்று விழுந்தது சுமார் 40,900 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 41 டன்.

வழி அடைத்துக்கொண்டால் அந்த எடை மாடி மேலேயே நிற்கும்:

- 1 அங்குலம் தேங்கினால்: 2,360 கிலோ
- 4 அங்குலம் தேங்கினால்: 9,440 கிலோ
- 6 அங்குலம் தேங்கினால்: 14,160 கிலோ

ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 தரவிதி எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம், சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 6 அங்குலத் தண்ணீரின் பாரமும் அதே அளவுதான். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் 6 அங்குலம் தேங்க, குழாய் வாயில் ஒரு கை அளவு வேப்பஞ்சருகும் ஒரு பாலித்தீன் பையும் போதும்.

வழி: குழாய் எவ்வளவு தாங்கும்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்யும்போது 4 அங்குலக் குழாய் ஒன்று 42.7 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரை இறக்கும். 3 அங்குலக் குழாய் இறக்குவது 20.4 சதுர மீட்டர் மட்டும். விட்டத்தில் ஒரே அங்குலம் குறைந்ததற்குத் திறன் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. உள்சுவரில் பாசியும் மண்ணும் அரை அங்குலம் படிந்தாலே நாலு அங்குலக் குழாய் மூன்று அங்குலமாகச் சுருங்கிவிடும்.

நம் 1,000 சதுர அடி மாடிக்கு 4 அங்குலக் குழாய் இரண்டு இருந்தால், மணிக்கு 92 மி.மீ. மழை வரை சமாளிக்கும். ஒன்று அடைத்தால் 46 மி.மீ. கனமழை அரை மணி வலுத்துப் பெய்தால் இந்த 46ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

குப்பை எப்போது சேருகிறது?

வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். தென்னை ஆண்டு முழுக்க மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் 12 மட்டை உதிர்ப்பதோடு, பன்னாடையையும் பாளையையும் போடும். ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து சேர்க்கும். குறுவை அறுப்பு புரட்டாசியை ஒட்டி வரும்போது வைக்கோல் தூசும் பதரும் பறக்கும். ஆக, மாடியில் குப்பை சேரும் பருவம் இரண்டு: பங்குனி-சித்திரை ஒன்று, ஆடி முதல் புரட்டாசி வரை ஒன்று. இரண்டு பருவமும் முடிந்தவுடன் மழை வந்து நிற்கிறது.

ஆற்றுக்குப் போடும் கணக்கு

எப்போது சுத்தம் செய்வது என்ற இதே கேள்விக்கு, டெல்டா தன் ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் ஏற்கெனவே விடை கண்டிருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் தூர்வார வேண்டும். டெல்டா மாவட்டங்களுக்கு அரசு ஒதுக்கியது:

- 2021: சுமார் 65 கோடி ரூபாய், 4,061 கி.மீ. (மீட்டருக்கு ₹160)
- 2022: 80 கோடி ரூபாய், 4,964 கி.மீ. (மீட்டருக்கு ₹161)
- 2023: 90 கோடி ரூபாய், 4,773 கி.மீ. (மீட்டருக்கு ₹189)

மூன்றாண்டில் 235 கோடி. 2022இல் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டதால் தூர்வாரக் கிடைத்த நாட்களும் குறைந்தன. தண்ணீர் வரும் தேதிதான் வேலை முடியும் தேதியை முடிவு செய்கிறது. வாய்க்காலுக்கு வரும் அணைத் தண்ணீருக்குத் திறப்பு நாள் ஒன்று. வீட்டுக் கூரைக்குத் திறப்பு நாள் இரண்டு, கோடை இடிமழையும் தென்மேற்கும் சேர்ந்து ஒன்று, வடகிழக்கு ஒன்று. அதனால் வீட்டுக்குக் குறைந்தபட்சக் கணக்கும் இரண்டு.

எத்தனை முறை?

- மரநிழல் இல்லாத மொட்டைமாடி: ஆண்டுக்கு 2. வைகாசியில் ஒன்று, அக்டோபர் 10க்குள் ஒன்று.
- வேம்போ தென்னையோ மேலே கவிந்த வீடு: 4. மேற்சொன்ன இரண்டோடு ஆடிக் கடைசியிலும் கார்த்திகை நடுவிலும்.
- முற்றம் வைத்த ஓட்டு வீடு: 3. இரண்டு கூரை சேரும் கூடல்வாயில்தான் சருகு தங்கும். ஓடு மாற்றும்போதே கூடல்வாய்த் தகரத்தையும் வழித்துவிட வேண்டும். மேற்சொன்ன இரண்டோடு, வடகிழக்கு மழைக்கு நடுவே இன்னொரு முறை பார்க்க வேண்டும்.
- மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி: ஜல்லியையும் மணலையும் ஆண்டுக்கு 1 முறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும், அதுவும் செப்டம்பரில். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது. முதல் 2 மி.மீ. மழைத் தண்ணீரை, அதாவது சுமார் 186 லிட்டரை, தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டால் மண் அடைப்பது குறையும்.
- மழைக்காலத்தில்: வாரம் ஒரு முறை மாடி ஏறிப் பார்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் ஆகும். 7 நாளுக்கு மேல் எங்கும் தண்ணீர் தேங்க விடக் கூடாது.

செலவு

1,000 சதுர அடி மாடிக்கு ஒருவருக்கு அரை நாள் வேலை. நாள் கூலியை ₹900 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலியை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

- இரண்டு அரை நாள் கூலி: ₹900
- குழாய் வாய்க்குக் கம்பி வலை, சாக்கு, துடைப்பம்: ₹100
- ஆண்டுக்கு மொத்தம்: ₹1,000, அதாவது சதுர அடிக்கு ₹1

எதிர்ப்பக்கம்: தேங்கிய தண்ணீர் தட்டோட்டின் இடுக்கு வழியே இறங்கி, மேல்தளத்தை மறுபடி போட வேண்டி வந்தால், சதுர அடிக்கு ₹100 என்று வைத்தாலும் ₹1,00,000. இது நூறு ஆண்டுச் சுத்தக் கூலி.

கூலியில் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். ஈர ஓட்டிலும் கைப்பிடி இல்லாத விளிம்பிலும் நிற்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். மழை நின்று கூரை காய்ந்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும். கீழே ஏணியைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தெருவரை

குழாய் சுத்தமாக இருந்தும் தெருச் சாக்கடை அடைத்துக் கிடந்தால், சீர்காழியில் பெய்தது போன்ற மழையின் 41 டன் தண்ணீரும் வாசற்படியில்தான் நிற்கும். நூறு வீட்டுத் தெருவுக்கு அது 4,100 டன். இதைத் தனி ஒருவர் தீர்க்க முடியாது. ஊராட்சிகளில் மே 1இலும் ஆகஸ்டு 15இலும் கிராம சபை கூடுகிறது. வைகாசிச் சுத்தத்துக்கும் புரட்டாசிச் சுத்தத்துக்கும் சற்று முன்பாகவே இரண்டு நாளும் வருகின்றன. உங்கள் தெருவின் வடிகால் எத்தனை மீட்டர் என்று அளந்து, அந்த எண்ணோடு போய்த் தீர்மானம் கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் அதே இரண்டு மாதங்களில் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். அளவும் தேதியும் உள்ள கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம்.