மூலக்குரலும் மாற்றுக்குரலும்

2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், வடிவேல் பாலாஜி என்னும் பலகுரற் கலைஞர் தம் 45ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். பாலாஜி என்பதே அவர்தம் பெயர். முன்னின்ற 'வடிவேல்', நடிகர் வடிவேலுவைப் போலவே பேசியும் நடந்தும் விழித்தும் காட்டியமையால் வந்து ஒட்டிக்கொண்டது. இதனை உவமையாகுபெயர் எனலாமா என்று தமிழாசிரியர் வகுப்பில் ஒரு வினா எழுப்பலாம்.

விசய் தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' என்னும் போட்டி நிகழ்ச்சி பலகுரற் கலைஞர் பலரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. திரைநடிகர் சிவகார்த்திகேயனும், 2025ஆம் ஆண்டு மறைந்த ரோபோ சங்கரும் அம்மேடையால் அறியப்பட்டவர்களே. பின்னர் வந்த 'அது இது எது' நிகழ்ச்சியில், விருந்தினர் சிரிக்காமல் அமர்ந்திருத்தல் வேண்டும். அவரைச் சிரிக்க வைத்தல் பாலாஜி போன்றோர் பணி. சிங்கப்பூர்த் தமிழரும் கட்டணத் தொலைக்காட்சி வழியே இவற்றைக் கண்டு மகிழ்ந்தனர்.

பிறர்போற் பேசிக் காட்டுதலில் நகை பிறப்பது யாங்ஙனம்? தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவர். பலகுரலை எள்ளலுள் அடக்கிவிடலாம் எனத் தோன்றும். ஆயினும் அது முழுவதும் பொருந்துவதன்று. பாலாஜி வடிவேலுவை எள்ளினாரல்லர். மதுரைப் பேச்சின் நீட்டல், வீரம் பேசி வாய்மூடுமுன் அடிவாங்கும் அவலம், அழுகையும் சிணுங்கலும் கலந்த அக்குரல் ஆகியவற்றை அவர் மீண்டும் நிகழ்த்தினார். கேட்போர், 'ஆம், அவரேதான்!' என்று கண்டுகொண்ட அந்நொடியிற் சிரித்தனர். ஆகவே இந்நகைக்கு மூவர் வேண்டும்: மூலக்குரலுக்கு உரியவர், அதனைக் காட்டுபவர், அதனை முன்பே அறிந்த கேட்போர். மூன்றாமவர் இல்லையேல் முதலிருவரும் இருந்தும் பயனில்லை. மூலம் அறியாதான் கையில் உரைநூல் கிடைத்தாற் போன்றதே அது.

தஞ்சோங் பகார் வட்டாரத்தை எண்ணினால் இது நன்கு விளங்கும். துறைமுகத் தொழிலை நாடித் தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முசுலிம்கள் அங்கே ஊர்ச்சுற்றமாகவே குடியிருந்தனர். அவர்களுடைய முயற்சியால் 1946ஆம் ஆண்டு எழுந்த உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. நெல்லைப் பேச்சின் 'ஏலே'யும் 'என்னவே'யும் அத்தெருக்களில் அன்றாட ஒலிகள். வட்டார வழக்கைப் போலச் செய்து காட்டினால் அங்கே சிரிப்பு எழ நெடுநேரம் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் குரல் அன்றோ அது! இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் மாணவனுக்கு நெல்லையும் மதுரையும் பெரும்பாலும் திரைப்படத்தில் மட்டுமே கேட்பவை. அவனை வட்டார வழக்கால் சிரிக்க வைத்தல் அரிது. அறுபதுகளின் இறுதியில் புதுமைதாசன் பி. கிருஷ்ணன் சிங்கப்பூர் வானொலிக்கு எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' இவ்வூர் மக்களின் பேச்சையே நகைக்குக் களனாக்கியது. அதனை இன்று படிப்போர்க்கும் சில சொற்களுக்குக் குறிப்புத் தேவைப்படலாம்.

மேனாட்டிலும் இதுவே கதை. இங்கிலாந்தில் மைக் யார்வுட் என்பார் வில்சன், ஹீத் முதலிய தலைவர்களைப் போலப் பேசிக் காட்டிப் பெரும்புகழ் எய்தினார். 1977ஆம் ஆண்டு கிறிசுமசு நாளில் அவர் நிகழ்ச்சியை 2 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். அத்தலைவர்கள் அரங்கினின்று விலக, 1979இல் தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்தார். அக்குரல் யார்வுட்டுக்கு வாய்க்கவில்லை. பின்னர் வந்த இளையோர் கூர்மையான அங்கதத்தை விரும்பினர். 2023ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது இளைஞர் பலர்க்கு அவர் பெயரே புதிதாயிருந்தது.

மூலக்குரல் மறதியுறுதல் ஒரு காரணமே. சுவை மாறுதல் மற்றொன்று. மெய்ப்பாட்டியலின் பழைய உரையில், நகைக்குப் பொருளாவனவற்றுள் ஆரியர் பேசும் தமிழும், குருடரும் முடவரும் நடக்கும் நடையும், குழந்தையின் மழலையும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. மழலைக்கு இன்றும் நகைக்கின்றோம். முடவர் நடையைக் காட்டி நகைக்க இன்று ஒருவரும் துணியார், துணிதலும் தகாது. தொலைக்காட்சி மேடைகளில் ஆடவர் பெண்வேடம் புனைந்து வருதலும், உடலின் பருமையையும் நிறத்தையும் சுட்டிப் பேசுதலும் பல்லாண்டு கைதட்டல் பெற்றன. பாலாஜியும் பெண்வேடத்தில் பெயர் பெற்றவரே. அவற்றுட் சில இன்று முகஞ்சுளிக்க வைக்கின்றன. ஆயினும் அக்கலைஞரின் செவிநுட்பத்தை அதனோடு சேர்த்துத் தள்ளிவிடுதல் முறையன்று. ஒருவருடைய மூச்சு எங்கே நிற்கின்றது, எச்சொல்லில் குரல் உடைகின்றது என்பதைக் கேட்டுணர்தல், ஒலியியல் பயில்வார்க்கும் எளிதில் கைவராத திறமாகும்.

மூலக்குரலுக்கு உரிய வடிவேலுவோ 2023ஆம் ஆண்டு வெளிவந்த 'மாமன்னன்' படத்தில், சிரிப்பு வேடத்தை முற்றும் விடுத்து, தாழ்ந்த குரலில் அளந்து பேசும் அரசியலாளராக நடித்தார். பல்லாயிரவர் போலச் செய்து பழகிய அந்த நீட்டலும் சிணுங்கலும் அப்படத்தில் இல்லை. அப்புதிய குரலைப் பிடித்துக் காட்ட முதலில் முனைந்திருக்கக் கூடியவர் மறைந்து அப்போது ஆண்டு மூன்று ஆகவிருந்தது.