உறைபனிக்கு முன் காய்கறிச் செடிகளை இடம் மாற்றுதல்

நீலகிரியின் உயரமான பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், மழை ஓயும் தறுவாயில் பாத்திகளைத் திருத்தி அமைக்க விரும்புவர். அப்போது முட்டைக்கோஸ், காலிபிளவர், லீக்ஸ், செலரி முதலிய செடிகள் பாத்தியில் நிற்கும். குளிர்காலத்தைக் கடந்து பலன் தர வேண்டிய இச்செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. முறையாகச் செய்தால் வேறு பாத்திக்கு மாற்றிக் காப்பாற்றலாம்.

ஏற்ற காலம்

மாற்றி நட்ட செடி புதுவேர் பிடிக்க 2 முதல் 3 வாரங்கள் ஆகும். நவம்பர் மத்தியிலிருந்து உறைபனியை எதிர்பார்க்கலாம். எனவே, அக்டோபர் இறுதிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். தவறினால் பிப்ரவரி இறுதி வரை பொறுத்திருப்பதே நல்லது.

எவற்றை மாற்றலாம்?

லீக்ஸ், செலரி, 5 அல்லது 6 இலைகள் விட்ட முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகியவை நன்றாகப் பிழைக்கும். கோஸ் உருளத் தொடங்கிவிட்டால் அதை அசைக்கக் கூடாது. அறுவடை வரை விட்டுவிடலாம். காரட்டையும் முள்ளங்கியையும் மாற்றினால் கிழங்கு கவைத்துப் போகும். பட்டாணி, பீன்ஸ் வேர்கள் அசைவைத் தாங்கா.

முதலில் வேரைப் பாருங்கள்

மண்வெட்டி எடுக்கும் முன் செய்ய வேண்டியது இதுவே. வெயில் நேரத்தில் வாடி, மாலையில் தெளியும் கோஸ் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்கள் விரல்போல் தடித்து முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது வேர்வீக்க நோய். இக்கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அப்பாத்தியின் செடியையும் மண்ணையும் வேறிடம் கொண்டு செல்லக் கூடாது. செடிகளை எரித்துவிட வேண்டும், எருக்குழியில் போடலாகாது. அழகாகத் திருத்திய தோட்டத்தில், மறு ஆண்டு எல்லாப் பாத்திகளிலும் நோயைக் கண்டு வருந்துவோர் உண்டு. நோயைப் பரப்பியது அவர்களின் மண்வெட்டியே!

உருளைக்கிழங்கு பயிரிட்ட பாத்தி மண்ணிலும் எச்சரிக்கை தேவை. 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, மண்ணோடுதான் இடம் பெயர்கிறது.

மாற்றும் முறை

புதுக் குழிகளை முதலில் தயார் செய்து, மக்கிய தொழுஉரம் இட்டு வைக்கவும். முதல் நாள் மாலை செடிகளுக்கு நீர் பாய்ச்சவும். மறுநாள் மேகமூட்டமான வேளையிலோ மாலையிலோ, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோண்டி, வேர்மண் உதிராமல் சாக்கில் வைத்து எடுக்கவும். முதிர்ந்த அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே கோஸை 40 செ.மீ. இடைவெளியில் நட்டு, மண்ணை அழுத்தி நீர் விடவும். லீக்ஸுக்கு வேர்மண் தேவையில்லை. வேரைக் கழுவி, இலை நுனியைக் கத்தரித்து, 15 செ.மீ. இடைவெளியில் நடலாம். நான்கைந்து நாட்களுக்குத் தழைகளால் நிழல் தரவும். செடி துளிர்க்கும் வரை மேலுரம் இட வேண்டாம்.

புதிய அமைப்பு

பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே அமையட்டும். கோஸ் இனம், பயறு இனம், கிழங்கு இனம், வெங்காய இனம் என நான்காகப் பிரித்து ஆண்டுதோறும் இடம் மாற்றுங்கள். முள்ளங்கி, நூல்கோல், கடுகு ஆகியவையும் கோஸ் இனமே. மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைத்தால் வேர்வீக்கம் தணியும்.

வானம் தெளிந்து காற்றில்லாத மாலைகளில் செடிகளைக் காய்ந்த புல்லால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பள்ளமான பாத்தியில்தான் பனி அதிகம் தங்கும்; இளஞ்செடிகளுக்கு மேட்டுப் பாத்தியை ஒதுக்குவது நலம்.