இரவில் தெருவில் நிற்கும் மோட்டார் வண்டி

பாலக்காட்டுக் கல்பாத்தியில் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து, வரிசையாகத் தெருவை நோக்கி நிற்கின்றன. இத்தெருக்களைக் ‘கிராமம்’ என்றே மக்கள் வழங்குவர். திண்ணையும் வாசற்கோலமும் அமைந்த இவ்வீடுகளைக் கட்டிய நாளில் மோட்டார் வண்டி இல்லை. ஆதலின் அதற்குக் கொட்டகையும் இல்லை. இன்றோ வீட்டார் வாங்கும் வண்டி இரவெல்லாம் தெருவிலேயே உறங்குகிறது.

“என் வாசல், என் வண்டி” என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வாசல் நம்முடையது, அதன் முன்னுள்ள தெரு பொது இடம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதுபற்றித் தெளிவாகக் கூறுகிறது. பிறருக்கு ஆபத்தோ, தடையோ, மிகுந்த இடையூறோ விளையுமாறு பொது இடத்தில் வண்டியை நிறுத்தலாகாது என்பது 122ஆம் பிரிவு. கவனிப்பாரின்றிப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ நின்ற வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நின்ற வண்டியையும் இழுத்துச் செல்லச் சீருடையணிந்த போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம் என்பது 127ஆம் பிரிவு. இழுக்கும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது.

இரவு ஒன்பது மணிக்கு நிறுத்திக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் ஒன்பது மணி நேரந்தானே என்று வாதிக்கலாம். ஆனால் தடை உண்டாக்கும் வண்டிக்கு அக்கணக்கு உதவாது. ஒரு நிமிடம் வழியை மறித்தாலும் 122ஆம் பிரிவு பொருந்தும்.

ஜப்பான் நாடு 1962இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. வண்டி வாங்குவோர் அதனை நிறுத்தத் தெருவுக்கு வெளியே இடம் உண்டெனக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட பகுதிகளில், இரவில் ஒரே இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் நிறுத்துதல் குற்றம். நம் நாட்டில், வண்டி நிறுத்தும் இடங்களை உள்ளாட்சி மன்றத்தைக் கலந்து வகுக்கும் அதிகாரத்தை 117ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழங்குகிறது. அத்தகைய பொது இடம் அருகில் இருந்தால், பழந்தெருவில் வாழ்வோரின் சுமை குறையும்.

ஐப்பசித் தேர்த் திருவிழாவில் விசுவநாதர் தேர் வருகிறதென்றால் கல்பாத்தித் தெரு முழுதும் வழி விடுகிறது. தேர் வரும் நாள் முன்னரே தெரியும். நெஞ்சு வலியால் துடிப்பவரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியோ, தீயணைக்கும் வண்டியோ நாள் குறித்து வருவதில்லை. அவற்றுக்குரிய வழியை ஒவ்வோர் இரவும் நாம் விட்டு வைப்போமாக.