ஒரே மாத்திரை, இரண்டு பெயர்!

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற அம்மா, ஊறுகாய் பாட்டிலோடு காய்ச்சல் மாத்திரை அட்டையையும் பெட்டியில் வைக்க மறப்பதில்லை. அங்கே ஜலதோஷம் பிடித்தால் கைவசம் உள்ள பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்வார். மகளோ கடையிலிருந்து சளி மருந்து வாங்கிவந்து, ‘இதையும் குடிம்மா’ என்பாள். அதன் லேபிளில் ‘அசிட்டமினோஃபென்’ என்று இருக்கும். வேறு மருந்து என்று நினைத்துக் குடித்தால், ஒரே மருந்து உடம்பில் இரண்டு முறை போய்விடும்.

ஆம், இரண்டும் ஒன்றுதான். இந்த மருந்தின் வேதியியல் பெயர் ‘பாரா அசிட்டைல் அமினோ ஃபீனால்’. தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவில் கத்தரித்தால் பாராசிட்டமால். அமெரிக்கர்கள் ‘பாரா’வையும் கடைசி ‘ஆலை’யும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்த்தார்கள்; அது அசிட்டமினோஃபென். 1955-ல் அங்கே வந்த ‘டைலெனால்’ என்ற பிராண்டும் இதே பெயரிலிருந்து பிய்த்த துண்டுதான். அசிட்டைலில் பாதி, ஃபீனாலில் பாதி!

துண்டுகளின் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். ‘அசிட்’ என்பது லத்தீனில் வினிகர். ‘அமினோ’ வந்தது அமோனியாவிலிருந்து. எகிப்தியக் கடவுள் அமுனின் கோயில் பக்கம் கிடைத்த உப்பு என்பதால் அமோனியாவுக்கு அந்தப் பெயர். ‘ஃபீன்’ என்றால் கிரேக்கத்தில் ஒளிர்வது. விளக்கெரிக்கும் வாயு தயாரிக்கும்போது பென்சீன் கிடைத்ததால் ஒட்டிக்கொண்டது. கடைசி ‘ஆல்’ ஆல்கஹாலின் வால். ஆல்கஹாலோ ‘அல் குஹ்ல்’ என்ற அரபுச் சொல். அதன் பொருள் கண்ணுக்குத் தீட்டும் மை! ‘பாரா’வுக்குக் கிரேக்கத்தில் ‘பக்கத்தில்’ என்று அர்த்தம். வேதியியலிலோ வளையத்தின் நேர் எதிர்ப்புறத்தை அப்படிச் சொல்கிறார்கள், கேட்டால் சிரிப்புதான் வரும்.

ஆனால் கல்லீரலுக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம்தான். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். குடிப்பழக்கமோ கல்லீரல் பிரச்னையோ இருந்தால் அளவு இன்னும் குறையும். குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள். அளவு மீறினாலும் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைனோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் வாந்தி, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அமெரிக்க மருந்துச்சீட்டில் ‘ஏபிஏபி’ என்று நான்கு எழுத்து இருந்தாலும் உஷார். அதுவும் இதே மருந்தின் சுருக்கப் பெயர்தான்.