கண்புரையும் பார்வை நரம்பும்

முதுமை எய்தியோரின் கண்ணிலே புரை படர்வதும், சத்திரசிகிச்சையினால் அது நீக்கப்படுவதும் இந்நாளில் ஒவ்வோர் ஊரிலும் நாம் காணும் நிகழ்ச்சிகள். காலையில் வைத்தியசாலைக்குச் சென்றவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார். சில நாட்களிற் பத்திரிகை படிக்கத் தொடங்குகிறார். இதனைக் கண்ட அயலார், கண் மங்கியவர் எவராயினும், “நீங்களும் புரையை எடுத்துவிடுங்கள்; எல்லாம் சரியாகிவிடும்” என்று புத்தி கூறத் தலைப்படுகின்றனர். பலருக்கு இப்புத்தி பொருந்தும். ஆனால், புரையோடு பார்வை நரம்பிலும் பழுதுற்ற ஒருவருக்கு இஃது அப்படியே பொருந்துவதன்று. அவர் நன்மையையும் தீமையையும் துலாக்கோலில் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நான் வைத்தியன் அல்லன், பாடசாலை ஆசிரியன். ஆதலின், மருந்து கூற வரவில்லை. வைத்தியரிடம் எவற்றைக் கேட்டறிதல் வேண்டும் என்பதையே கூற வந்தேன்.

இப்பொழுது என் முன்னே ஓர் ஒலிவாங்கி இருக்கின்றது. அதன்மேல் தடித்த துணியொன்றைப் போர்த்தினால் என் குரல் உங்களுக்கு மங்கிக் கேட்கும். துணியை எடுத்தவுடன் தெளிந்துவிடும். ஆனால், ஒலிவாங்கியிலிருந்து செல்லும் கம்பியின் இழைகளிற் பல அறுந்துவிட்டன என வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது துணியை நீக்கினும் எஞ்சிய இழைகள் தாங்குமளவு குரலே உங்களை வந்தடையும். கண்ணின் நிலையும் இதுவே. கண்ணினுள்ளே இருக்கும் வில்லை மங்குவதே புரை. அது துணி போன்றது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்போ கம்பி போன்றது. அந்நரம்பில் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிழைகள் உள்ளன. இறந்த இழை மீண்டும் தளிர்ப்பதில்லை.

வில்லைக்கு மாற்று உண்டு. 1949ஆம் ஆண்டு இலண்டன் நகரிலே ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியர் முதன்முதலாகச் செயற்கை வில்லையொன்றைக் கண்ணினுட் பொருத்தினார். 1967இல் அமெரிக்க வைத்தியர் சாள்ஸ் கெல்மன், நுண்ணிய ஒலியதிர்வினாற் புரையை உடைத்துச் சிறு துளையினூடாக உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டார். கருவிழிப் படலத்துக்கும் மாற்று உண்டு. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கத்தின் வாயிலாக நம் நாடு உலகின் பல நாடுகளுக்கு அதனை வழங்கியிருக்கின்றது. பார்வை நரம்புக்கு மாத்திரம் இன்றுவரை மாற்று இல்லை. 2023இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணொன்றையே பொருத்தினர். கண் உயிரோடிருந்தது, பார்வை வரவில்லை.

இந்நரம்பைக் கெடுப்பன பல. அவற்றுள் முதன்மையானது குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். நரம்புக்கு இரத்தம் குன்றுதல், அழற்சி, தலைக்காயம், நரம்பை அழுத்தும் கட்டி, காசநோய்க்குக் கொடுக்கப்படும் எதம்பியூட்டோல் என்னும் மருந்து, மெதனோல் கலந்த கள்ளச் சாராயம் ஆகியனவும் காரணமாகலாம்.

எனவே, எழவேண்டிய முதற் கேள்வி இது: என் பார்வை மங்கியதற்குப் புரை எவ்வளவு காரணம், நரம்பு எவ்வளவு காரணம்? இதனை அறிய வைத்தியரிடம் எளிய சோதனையொன்று உண்டு. கைவிளக்கின் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாறிமாறிக் காட்டுவார். நல்ல கண்ணில் ஒளி பட்டதும் இரு கண்மணிகளும் சுருங்கும். நரம்பு கெட்ட கண்ணுக்கு ஒளி மாறியதும் அவை சுருங்குவதற்குப் பதிலாக விரியும். புரை எத்துணைத் தடித்திருந்தாலும் அது தனியே இக்குறியைத் தோற்றுவிப்பதில்லை. எனினும், இரு கண் நரம்புகளும் ஒரே அளவிற் கெட்டிருப்பின் இக்குறி மறைந்துவிடும். ஆதலின், பார்வைப் புலத்தை அளத்தல், நிறங்களை வேறுபிரித்தறியும் ஆற்றலைச் சோதித்தல், நரம்பிழைப் படலத்தின் தடிப்பைக் கருவியாற் படம்பிடித்தல் ஆகியனவும் வேண்டப்படும். தடித்த புரை நரம்பை மறைத்து நிற்கும்போது பழைய சோதனைக் குறிப்புகள் பேருதவி செய்யும். அவற்றை வீசிவிடாது பேணி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, துலாக்கோலின் ஒரு தட்டில் உள்ள ஆபத்துகளைப் பார்ப்போம். கண்ணினுட் கிருமி புகுதல் போன்ற பொது ஆபத்துகள் எல்லாருக்கும் உரியன, அவை அரியன. நரம்பு பழுதுற்றோருக்குச் சிறப்பாக உரியன வேறு. சத்திரசிகிச்சைக்குப் பின் முதற் சில மணி நேரத்திலே கண்ணழுத்தம் திடீரென உயரக்கூடும். நல்ல நரம்பு அதனைத் தாங்கும். நைந்த நரம்பு தாங்காது. அழற்சியைத் தணிக்கக் கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் சொட்டுமருந்தும் சிலருக்குக் கண்ணழுத்தத்தை உயர்த்தும். குளுக்கோமா உடையோரிடம் இது மிகுதி. கண்ணின் பின்புறத்தே ஊசியால் ஏற்றப்படும் மரப்பு மருந்தும் அழுத்தத்தை ஏற்றலாம்; அரிதாக நரம்பையே ஊறுபடுத்தலாம். நோய் முற்றி, நடுவிலே சிறு பார்வைத் தீவு மாத்திரம் எஞ்சியிருப்போரில் மிகச் சிலர், சத்திரசிகிச்சையின்பின் அந்தச் சிறு தீவையும் இழந்ததுண்டு. இக்கால முறைகளில் இஃது அரிதாயினும், கேட்டறியாமல் விடத்தக்கதன்று.

மற்றத் தட்டிலும் கனம் உண்டு. புரை நீங்கினால் ஒளியும் நிறமும் தெளிவும் கூடும். எஞ்சிய நரம்பிழைகளுக்கு நல்ல உருவம் போய்ச் சேரும். மங்கலிலே படி தவறி விழும் அச்சம் குறையும். வைத்தியர் நரம்பை நேரே கண்டு, நோய் வளர்கின்றதா என்று அளக்க வழி பிறக்கும். கண்ணின் வடிகால் மூலை குறுகிய வகைக் குளுக்கோமாவில், பருத்த வில்லையை எடுப்பதே அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தாகவும் அமையும். 2016இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று இதனை உறுதி செய்தது. மேலும், “வேண்டாம், பொறுத்திருப்போம்” என்பதும் ஆபத்தற்ற வழியன்று. முற்றிய புரை கல்லைப்போல் இறுகிச் சத்திரசிகிச்சையைக் கடினமாக்கும். சிலவேளை அதுவே வீங்கியோ கசிந்தோ அழுத்தத்தை உயர்த்தி, எஞ்சிய நரம்பையும் கெடுக்கும்.

எனக்குத் தெரிந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இந்நிலையில் இருந்தார். குளுக்கோமாவினால் இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணிலே குழலினூடாகப் பார்ப்பது போன்ற சிறு வட்டம் எஞ்சியிருந்தது. அதிலும் புரை படர்ந்தது. “வெளிச்சம் கூடும், முகங்கள் தெளியலாம், வாசிப்பு வருமென்று உறுதி கூற இயலாது, பக்கத்து இருள் நீங்காது, உள்ளதும் போகச் சிறிது இடமுண்டு” என்று வைத்தியர் ஒளிக்காமற் சொன்னார். மகன் அஞ்சினார். “அப்பா, உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வோம்?” என்றார். முதியவர் சொன்ன மறுமொழி இது: “தம்பி, புரை அதனை நாள்தோறும் கொண்டு போய்க்கொண்டுதானே இருக்கிறது. எனக்குப் புத்தகம் வேண்டாம். பேரப்பிள்ளையின் முகமும் கிணற்றடிக்குப் போகும் வழியும் தெரிந்தாற் போதும்.” சத்திரசிகிச்சை நடந்தது. அவர் கேட்ட அவ்விரண்டும் கிடைத்தன; பெரிய எழுத்துத் தலைப்புகளும் கிடைத்தன. பக்கத்து இருள் அப்படியே இருந்தது. அது முன்னரே சொல்லப்பட்டதாதலால் வீட்டில் ஒருவரும் மனமுடையவில்லை.

எல்லாரும் இதே முடிவுக்கு வருதல் வேண்டுமென்பதில்லை. நரம்பு முற்றும் இறந்து, ஒளியைக்கூட உணராத கண்ணிலே புரையை எடுப்பதாற் பார்வை வாராது. அத்தகைய கண்ணுக்கு நம்பிக்கையை ஊட்டி, காணியை ஈடு வைத்துப் பணம் திரட்டுவது அன்பாகாது. நேர்மையான “பயனில்லை” என்ற சொல்லும் ஒரு சிகிச்சையே.

ஆகவே நேயர்களே, வைத்தியரிடம் செல்லும்போது இவற்றைக் கேளுங்கள். மங்கலுக்குப் புரையின் பங்கு எவ்வளவு? எது திரும்பும், எது திரும்பாது? மறு கண்ணின் நிலை யாது? எவ்வகை மரப்பு மருந்து கொடுக்கப்படும்? முதல் நாளிலே கண்ணழுத்தம் அளக்கப்படுமா? எவ்வகை வில்லை பொருத்தப்படும்? அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே காட்டும் பன்முக வில்லை ஒளியைப் பங்கிடுவதால் ஒளி–நிழல் வேறுபாட்டைக் குறைக்கும். நரம்பு நலிந்தோருக்குப் பெரும்பாலும் ஒருமுக வில்லையே ஏற்றது. குளுக்கோமாச் சொட்டுமருந்தை வைத்தியர் கூறாமல் நிறுத்தலாகாது. சத்திரசிகிச்சையின்பின் கடும் நோவோ, சிவப்போ, பார்வைக் குறைவோ தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டிலுள்ள இளையோருக்கும் ஒரு சொல். முதியவருக்காக நீங்கள் முடிவு செய்வதற்கு முன், “எதைக் காண விரும்புகிறீர்கள்?” என்று அவரையே கேளுங்கள். துலாக்கோலின் முள் எப்பக்கம் சாயும் என்பது அவ்விடையைப் பொறுத்தது.