தட்டுச் சுழலும் வேகம்

மனிதருடைய பொழுதுபோக்குகள் பலவகைப்பட்டன. முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயங்களைத் தேடி அலைவோரும் உளர். ஒலிக்கருவிகள்மீது காதல் கொண்டோர் இவர்களுள் ஒரு தனி இனத்தவர். ஏனையோர் பாட்டை மட்டும் கேட்க, இவர்கள் பாட்டோடு அதனைப் பாடும் பொறியையும் கேட்பார்கள். ஊசி தேய்ந்துவிட்டதோ, தட்டுக் கோணிவிட்டதோ என்று இவர்கள் படும் கவலையைக் கண்டு வீட்டார் நகைப்பதுண்டு. ஆயினும் இக்கவலைகளுள் ஒன்று நகைப்பிற்குரியதன்று. அது தட்டுச் சுழலும் வேகத்தைப் பற்றியது.

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைத் தோமஸ் அல்வா எடிசன் 1877 ஆம் ஆண்டில் ஆக்கினார். அது உருளை வடிவினது. பத்து ஆண்டுகளின் பின், தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையை எமில் பேர்லினர் வகுத்தார். அரக்குக் கலந்து செய்த இசைத்தட்டு அதன் வழிவந்ததே. நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் கணக்கு 1920களின் நடுப்பகுதியிலேதான் நிலைபெறலாயிற்று. அதற்கு முன்னர் எழுபது சொச்சம் முதல் எண்பதுக்கு மேலும் பல வேகங்களில் தட்டுக்கள் பதியப்பட்டன.

இதனால் விளைவது யாது? ஒலி என்பது அதிர்வு. தட்டு விரைந்து சுழன்றால் ஒரு விநாடியில் ஊசி காணும் அதிர்வுகள் மிகும், சுருதி உயரும், காலப்பிரமாணமும் விரையும். 74 சுற்றில் பதிந்த தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். நிதானமாகப் பாடிய வித்துவான் அவசரக்காரராகிவிடுவார். அவர் குரலின் கனமும் போய்விடும்.

வேகத்தை அளக்க எளிய உபாயம் ஒன்றுண்டு. அட்டை வட்டமொன்றில் 77 கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து, சுழலும் தட்டின்மேல் வைப்பார்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுடையது. ஆதலின் இழை மின்குமிழின் ஒளி விநாடிக்கு 100 தடவை துடிக்கும். வேகம் 78 ஆயின் கோடுகள் அசையாது நிற்பன போலத் தோன்றும். மிகுந்தால் முன்னோக்கியும், குறைந்தால் பின்னோக்கியும் நகரும்.

ஆனால் இவ்வட்டம் நம் பொறியின் வேகத்தையே சொல்லும். பதிந்தவர் பொறி ஓடிய வேகத்தைச் சொல்லாது. அதற்குச் செவியே துணை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பேர்க் என்பவர் கௌஹர் ஜான் அம்மையாரின் பாடல்களைப் பதிந்தார். அம்மையார் பாட்டின் முடிவிலே தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூறினார். ஜேர்மனியின் ஹனோவரிலே தட்டு வார்ப்போர் பாடியவரை அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது என்பர். இன்றோ அப்பேச்சு வேறொரு பயனும் தருகின்றது. பேசுங்குரல் சிறுபிள்ளையின் குரல்போல் ஒலித்தால் வேகம் மிகை என்று ஊகிக்கலாம். உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதி இரு கட்டைகளுக்கு நடுவே விழுந்தாலும் ஐயுறவேண்டும்.

இக்காலத்தில் பழைய தட்டுக்களைக் கணினியில் ஏற்றிப் பேணுகின்றனர். அரக்குத் தட்டோ எளிதில் உடைவது. மூலம் அழிந்தபின் பிரதியே சான்றாகும். தவறான வேகத்தில் எடுத்த பிரதி ஒருவருடைய குரலைப் பற்றிப் பின்வருவோருக்குப் பொய் சொல்லும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். இசைத்தட்டுக்கும் அத்தகைய பரிசோதகர் வேண்டும். ஆகவே, உங்கள் வீட்டிலே ஒருவர் மின்குமிழின் கீழ் அமர்ந்து அட்டையிலுள்ள கோடுகளை உற்றுநோக்கிக் கொண்டிருந்தால், அவரைச் சற்றுநேரம் அமைதியாக இருக்க விடுங்கள்.