21 வோல்ட், ஐந்து செல்: யாருக்கு எவ்வளவு?

"கார்ட்லெஸ் ட்ரில்லின் பேட்டரி போய்விட்டது, சார்ஜர் நன்றாக இருக்கிறது. பழைய லேப்டாப் செல்களைக் கழற்றி, ட்ரில்லுக்கு ஒன்று, மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கு ஒன்று என்று இரண்டு பேக் கட்டப் போகிறேன். இரண்டுக்கும் அந்தச் சார்ஜரையே போடலாமா?" சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். சார்ஜரின் வட்டப் பின் இரண்டிலும் பொருந்துகிறதாம். பொருந்தும். மோடம், சி.சி.டி.வி. கேமரா என்று எதில் செருகினாலும் அந்தப் பின் பொருந்தும். அதை நம்பி இறங்க வேண்டாம்.

வழக்கமான லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 21. கடையில் ஒரு கம்பெனி '21 வோல்ட்' என்றும் இன்னொன்று '18 வோல்ட்' என்றும் விற்பது இதே ஐந்து செல்லைத்தான். ஒருவர் நிரம்பிய கணக்கைச் சொல்கிறார், மற்றவர் சராசரியை. '48', '88' என்று கொட்டை எழுத்தில் போட்டு வரும் மலிவு ட்ரில்களைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே ஐந்துதான் இருக்கும். 12 வோல்ட் ஸ்பிரேயருக்கு மூன்று செல் போதும், நிரம்பினால் 12.6. அதில் ட்ரில் சார்ஜரைச் செருகினால் செல்லுக்கு 7 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும். ஸ்பிரேயர் விவகாரம் இத்தோடு முடிந்தது.

ட்ரில் பேக்குக்கு வருவோம். ஒழுங்கான சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளும். மொத்தம் 21-ஐத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துக்கொள்ளும். சார்ஜருக்கும் பேக்குக்கும் உள்ள இடைவெளிதான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது; செல்கள் நிரம்ப நிரம்ப இடைவெளி சுருங்கும், ஓட்டமும் தானே மெலியும். போதிய அளவு மெலிந்ததும் பச்சை விளக்கு. அழகான ஏற்பாடு. ஆனால் சார்ஜர் பார்ப்பது மொத்தத்தை மட்டும்.

விருதுநகர்ப் பரோட்டாக் கடையில் ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தொடர் இணைப்பில் ஐந்து செல்லுக்கும் ஒரே மின்னோட்டம். ஆகவே பரிமாறுகிறவர் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒன்று என்றுதான் போட முடியும், ஒருவரை மட்டும் தாண்டிப்போக முடியாது. வோல்ட்டேஜ் என்பது தின்ற எண்ணிக்கை இல்லை, வயிறு இறுகிய அளவு. அவர் ஐந்து வயிற்றின் இறுக்கத்தையும் கூட்டி, 21 வந்தால் நிறுத்துவார். நான்கு பேர் இளவட்டங்கள். ஐந்தாமவர் பழைய லேப்டாப்பில் ஏழு வருஷம் உழைத்து வயிறு சுருங்கிப்போனவர். நான்கு பேர் 4.15-இல் இருக்கும்போது அவர் 4.40-க்குப் போய்விட்டார். கூட்டிப் பாருங்கள், சரியாக 21.00. பச்சை விளக்கு எரிகிறது, கல்லாவில் கணக்கு நேர். இதில் சால்னா எது என்று கேட்காதீர்கள்.

4.40-க்குப் போன செல் அன்றைக்கே வெடித்துவிடாது. கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாத லித்தியம் அதன் மேல் உலோகமாகப் படியும், உள்ளே வாயு சேரும். "நாலு மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களின் பேக்கில் நடப்பது இதுதான்.

இதைத் தடுக்கத்தான் பி.எம்.எஸ். என்கிற பேட்டரி மேலாண்மை போர்டு. பேக்கைப் பிரித்தால் ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் போர்டுக்குப் போவது தெரியும். எந்த ஒரு செல் எல்லையைத் தாண்டினாலும் மொத்த சார்ஜையும் அது வெட்டிவிடும். சமன் செய்கிற போர்டாக இருந்தால், நிரம்பியவர் இலையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியே கொஞ்சம் எடுத்துச் சூடாக்கி வீணடிக்கும். வேகமோ சில பத்து மில்லி ஆம்பியர்தான். பொருத்தமில்லாத செல்களை அது கரையேற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சிட்ட 18650 அளவு உருளைச் செல்களையும் நம்ப வேண்டாம். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிக்காரரே 3500-ஐ ஒட்டித்தான் தருகிறார்.

பெரிய கம்பெனி சார்ஜர்களில் மூன்றாவது முனை ஒன்று இருக்கும். பேக்குக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் வழியே சூட்டைப் பார்க்க அது. வீட்டுப் பேக்கில் தெர்மிஸ்டர் இல்லையென்றால் சார்ஜர் மறுக்கும். உடனே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து ஏமாற்றுகிறார்கள். அந்த ரெசிஸ்டர் எப்போதும் '25 டிகிரி' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த வகைச் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவாகத் தயாரிப்பாளர்கள் போடும் எல்லை. கத்திரி வெயிலில் சிவகாசித் தகரக் கூரைக்கு அடியில் அந்த எல்லை எவ்வளவு பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. தெர்மிஸ்டரே சில ரூபாய்தான்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: லித்தியம் அயான் செல்லை 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது, அதை உருவாக்கிய பணிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல். அதற்கு முந்தைய நிக்கல் காட்மியம் ட்ரில்லின் சார்ஜர் வீட்டில் கிடந்தால் தொடவே வேண்டாம். அந்த பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டேஜ் லேசாகச் சரியும். அந்தச் சரிவுக்காகவே காத்திருக்கும் சார்ஜர் பல. லித்தியத்தில் அப்படிச் சரிவே கிடையாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 தரவிதியைத் திருத்தி வாகன பேட்டரிகளுக்குச் சோதனைகளைக் கடுமையாக்கியது. வீட்டில் கட்டும் பேக்குக்கு எந்தச் சோதனையும் இல்லை. தீக்கு ஆக்சிஜன் வேண்டும். பட்டாசு மருந்தில் அதை வெடியுப்பு தருகிறது; கோபால்ட், நிக்கல் சேர்ந்த செல் சூடேறினால் நேர்முனை ஆக்சைடே ஆக்சிஜனைக் கக்கும். லித்தியம் செல்லிலேயே இன்னொரு வகையான இரும்பு பாஸ்பேட் வகை ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த வகைச் செல்லுக்கு எல்லை 3.65 வோல்ட். 21-ஐ ஆறு செல்லுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3.5, இதே சார்ஜருக்குக் கச்சிதம். அதே வகையில் ஐந்து போட்டால் ஆளுக்கு 4.2, அது கூடவே கூடாது.

ஆகவே வாசகருக்கு: ஒரே வயது, ஒரே வகைச் செல் ஐந்து, ஒவ்வொன்றையும் கவனிக்கும் போர்டு, உண்மையான தெர்மிஸ்டர் இருந்தால் ட்ரில் சார்ஜரைப் போடலாம். போடுமுன் சார்ஜரின் வெளியீட்டை அளந்து பாருங்கள். 21-க்கு மேல் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். சார்ஜ் முடிந்ததும் செல்களைத் தனித்தனியே அளந்து பாருங்கள். பட்டாசு மருந்து இருக்கும் அறைப் பக்கம் பேக்கைக் கொண்டுபோகாதீர்கள். மல்ட்டிமீட்டர் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.